தொழில் பழகுவோம்: கேமராவுக்கும் கார்டுக்கும் ஒரே பேச்சு



பினாங்கு, பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் 1972ஆம் ஆண்டில் சுதந்திர வாணிபத் தொழிற்பேட்டை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன்னுடைய முதல் தொழிற்சாலையை அங்கே அமைத்தது. அதன் பின்னால் வேறு பல மின்னணுத் தொழிற்சாலைகளும் வந்தன. அந்த நாளில் அங்கே வேலைக்குச் சென்ற பெண்கள் செய்த வேலைகளில் முக்கியமான ஒன்று, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சில்லுகளைச் சோதிப்பது. கம்பி ஒட்டியிருக்கிறதா, கால் வளைந்திருக்கிறதா, எழுத்து அழிந்திருக்கிறதா என்று ஷிப்டு முழுவதும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கண் எரியும், கழுத்து வலிக்கும். ஆனாலும் அந்தச் சம்பளத்தில் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிந்தது.

இன்று அந்த வேலையில் பெரும் பகுதியைக் கேமரா செய்கிறது. "அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு வேலை போயிற்றா?" என்று பெற்றோர்கள் கேட்பது நியாயமே. ஒரு வேலை போனது உண்மைதான். ஆனால் அந்தக் கேமரா தானாக எதையும் பார்த்துவிடாது. அதைப் பூட்டி, கணினியோடு இணைத்து, "இப்படிப் பார், இந்த அளவில் அனுப்பு" என்று சொல்லிவைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் ஏன் உங்கள் மகனாகவோ மகளாகவோ இருக்கக்கூடாது? இந்த மாதம் அந்த வேலையைத்தான் பழகப்போகிறோம். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளை ஒருவர் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

கார்டு எதற்கு?

கல்யாண வீட்டில் படம் பிடிக்கும் கேமரா ஒரு படம் எடுத்தால் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். தொழிற்சாலைக் கேமரா அப்படியல்ல. அது நொடிக்கு நூறு படம் எடுத்து, எடுத்த கையோடு வெளியே தள்ளிவிடும். தள்ளுகிற படத்தை ஒன்றுவிடாமல் பிடித்துக் கணினியின் நினைவகத்தில் வரிசையாக அடுக்கிவைப்பதற்குக் கணினிக்குள் செருகும் ஒரு தனிக் கார்டு உண்டு. அதன் பெயர் 'பிரேம் கிரேபர்' கார்டு. படம் பிடித்து வாங்கும் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. காட்டில் பால் எடுப்பவர் கேமரா. பால் ஸ்டோரில் நிறுத்து வாங்குபவர் கார்டு. எத்தனை வாளி வருகிறது, எந்த வரிசையில் வருகிறது, எப்போது வருகிறது என்பது ஸ்டோரில் இருப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். இரண்டு வரிசையில் ஆள் வந்து நிற்கும்போது அவர் ஒரு வரிசையை மட்டும் நிறுத்தால், பாதிப் பால் கணக்கில் வராது. பால் எடுத்தவர் மேலும் குற்றமில்லை, தராசும் கெடவில்லை. பேச்சு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

கேமராவை அமைக்கும் வேலையில் வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பொருள் கெட்டிருக்காது. கேமரா ஒன்றை அனுப்பும், கார்டு வேறொன்றை எதிர்பார்த்துக் காத்திருக்கும். இந்த ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒத்துப்போக வேண்டியவை

கேமராவுக்கும் கார்டுக்கும் இடையே எந்தக் கம்பியில் எப்படிப் பேசுவது என்பதற்கு உலக அளவில் விதிமுறைகள் உண்டு. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'கேமரா லிங்க்' என்ற முறை அவற்றில் ஒன்று. தொழிற்சாலைகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பல இயந்திரங்களில் இதுதான் இருக்கிறது. ஆகையால் இதையே எடுத்துக்கொள்வோம். இதில் கேமராவும் கார்டும் ஒத்துப்போகவேண்டிய செய்திகள் நான்கு.

முதலாவது, படத்தின் அளவு. அகலத்தில் எத்தனை புள்ளி, உயரத்தில் எத்தனை வரி? 1280 புள்ளி அகலமும் 1024 வரி உயரமும் என்றால் இரண்டு பக்கத்திலும் அதே எண்கள் இருக்கவேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை பிட் என்பது. 8 பிட் என்றால் கறுப்பிலிருந்து வெள்ளைவரை 256 படிகள். 10 பிட் என்றால் 1024 படிகள்.

மூன்றாவது, 'டேப்'. பால் வெட்டுவதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்லோ அதே சொல்தான்! மரத்தில் பால் வடிய வழி விடுவதுபோல, கேமராவிலிருந்து புள்ளிகள் வெளியே வர எத்தனை வழி திறந்திருக்கிறது என்பதே டேப். ஒரு டேப் என்றால் கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு புள்ளி வரும். இரண்டு டேப் என்றால் இரண்டு புள்ளிகள் சேர்ந்து வரும்.

நான்காவது, 'டிரிகர்'. கேமரா தன் போக்கில் ஓயாமல் படம் எடுப்பதா, அல்லது "இப்போது எடு" என்று கட்டளை வந்தபிறகு எடுப்பதா என்பது.

கொஞ்சம் கணக்கு

கணக்கென்றதும் பயப்படவேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும். 1280ஐ 1024ஆல் பெருக்கினால் 13,10,720 புள்ளிகள். இது ஒரு படம். நொடிக்கு 100 படம் வேண்டுமென்றால் 13 கோடியே 10 லட்சத்து 72 ஆயிரம் புள்ளிகள் கம்பி வழியே ஓடிவரவேண்டும்.

கேமரா லிங்க் முறையில் கடிகாரத்தின் மிகுந்த வேகம் 85 மெகாஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 8 கோடியே 50 லட்சம் துடிப்பு. ஒரு டேப் வைத்தால் அவ்வளவு புள்ளிதான் வரும். நமக்கு 13 கோடி வேண்டுமே! ஆகவே ஒரு டேப் போதாது. இரண்டு டேப் வைத்தால் 17 கோடி புள்ளிகள் வரலாம், தாராளமாகப் போதும். ஒரே கம்பியில் ஓடும் 'பேஸ்' என்னும் எளிய அமைப்பில் 8 பிட் புள்ளிகளுக்கு மூன்று டேப் வரை இடமுண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் 'மீடியம்', 'ஃபுல்' என்னும் அமைப்புகளுக்குப் போகவேண்டும். அவற்றுக்கு இரண்டு கம்பிகள் தேவை.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு நாள் முழுவதும் போகும், படம் வராது. முதலில் தாள், பிறகு இயந்திரம்.

கைவைக்கும் முறை

ஒன்று: கணினியை நிறுத்தி மின்கம்பியை உருவிவிடுங்கள். கார்டைத் தொடுமுன் மணிக்கட்டில் நிலமின் பட்டையை அணியுங்கள். நம் உடம்பில் தங்கியிருக்கும் நிலைமின்சாரம் கண்ணுக்குத் தெரியாமலே கார்டைக் கெடுத்துவிடும். கார்டைச் செருகும் பள்ளத்தையும் கவனிக்கவேண்டும். நீளமான பள்ளமெல்லாம் வேகமான பள்ளமல்ல. உள்ளே எத்தனை பாதை ஓடுகிறது என்பதைக் கணினியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதை குறைவாக இருந்தால் கேமரா சரியாக அனுப்பியும் நடுநடுவே படங்கள் காணாமற்போகும்.

இரண்டு: கேமராவின் மின்சாரத்தையும் நிறுத்திய பிறகே கம்பியை மாட்டுங்கள். இரண்டு கம்பி உள்ள அமைப்பில் முதல் கம்பி முதல் துளைக்கும், இரண்டாவது கம்பி இரண்டாவது துளைக்கும் போகவேண்டும். மாற்றி மாட்டுவது அடிக்கடி நடக்கும் சங்கதி. கம்பியின் இரு முனையிலும் எண் எழுதி ஒட்டிவிட்டால் அடுத்தவருக்கும் உதவி. கேமரா லிங்க் கம்பி 10 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. வேகம் கூடக் கூட இன்னும் குறைவாக இருப்பதே நல்லது.

மூன்று: கார்டு செய்த நிறுவனம் கொடுத்த மென்பொருளைத் திறந்து, பட்டியலில் உங்கள் கேமராவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்குரிய அமைப்புக் கோப்பைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லாவிட்டால் கேமராவின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளவு, பிட், டேப் மூன்றையும் நீங்களே நிரப்பவேண்டும்.

நான்கு: கேமராவோடு பேசுங்கள். படம் வரும் அதே கம்பிக்குள் மெல்லிய பேச்சு வழி ஒன்றும் ஓடுகிறது. மின்சாரம் கொடுத்ததும் அந்த வழி 9600 என்ற வேகத்தில் விழித்துக்கொள்ளும். அதன் வழியே கேமராவிடம், "உன் அளவு என்ன? எத்தனை டேப்?" என்று கேட்கலாம். பதில் வந்தால் கம்பி சரி, மின்சாரம் சரி. பதிலே வராவிட்டால் படத்தைப் பற்றிக் கவலைப்படுவது வீண். முதலில் கம்பியையும் மின்சாரத்தையும் பாருங்கள்.

ஐந்து: டிரிகரை நிறுத்திவைத்து, கேமராவைத் தன்போக்கில் ஓடவிடுங்கள். விளக்கு, லென்ஸ், பொருள் வருவதைக் காட்டும் சென்சர் ஆகிய எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிபார்க்க முயன்றால் எது பிழை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஆறு: பெரும்பாலான கேமராக்களில் 'டெஸ்ட் பேட்டர்ன்' என்று ஒரு சோதனைப் படம் உள்ளேயே இருக்கும். கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் படம் அது. அதைப் போட்டுப் பாருங்கள். லென்ஸுக்கு மூடி போட்டிருந்தாலும் இந்தப் படம் வரும். இது ஒழுங்காக வந்துவிட்டால் கேமராவும் கார்டும் ஒத்துப்போய்விட்டன என்று பொருள். அதன் பிறகும் படம் நன்றாக இல்லையென்றால் குறை விளக்கிலோ லென்ஸிலோ இருக்கிறது. வேலையை இரண்டாகப் பிரித்துக் காட்டும் இந்த ஒரு சோதனைக்கு ஈடே இல்லை.

ஏழு: கடைசியாக டிரிகர். பொருள் வந்ததும் சென்சர் கார்டுக்குச் சொல்லும். கார்டு கேமராவுக்குச் சொல்லும். அப்படிச் சொல்வதற்கென்று கம்பியில் நான்கு கட்டளை வழிகள் உண்டு. கார்டு முதல் வழியில் சொல்ல, கேமரா இரண்டாம் வழியில் காது வைத்திருந்தால் விடியும்வரை படம் வராது.

படம் எடுக்கும் நேரமும் முக்கியம். பொருள் நொடிக்கு 200 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வைப்போம். கேமராவின் கண் ஓர் ஆயிரத்திலொரு நொடி திறந்திருந்தால், அதற்குள் பொருள் 0.2 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். சிலவகைச் சில்லுகளில் ஒரு காலின் அகலமே அவ்வளவுதான்! படத்தில் கால் இரட்டித்து மங்கும். நல்ல சில்லைக் கெட்டதென்று இயந்திரம் தள்ளிவிடும். நேரத்தைக் குறைத்து, அதற்கு ஈடாக விளக்கைக் கூட்டவேண்டும்.

படத்தைப் பார்த்து நோயறிதல்

நாடி பிடித்து நோய் சொல்லும் வைத்தியரைப்போல, படத்தைப் பார்த்தே பிழையைச் சொல்லலாம். இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பொருள் இரண்டாக, ஒல்லியாக, பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறதா? கேமரா அடுத்தடுத்த புள்ளிகளை இரண்டு டேப்பில் அனுப்புகிறது. கார்டோ அவற்றை இடப்பாதி, வலப்பாதி என்று நினைத்து அடுக்குகிறது. டேப் வரிசையை மாற்றினால் சரியாகும்.

படத்தின் இடப்பாதியும் வலப்பாதியும் சீப்புப் பல்போல ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கின்றனவா? அதே பிழைதான், தலைகீழாக.

வெளிச்சம் சீராக மாறவேண்டிய இடத்தில் வரைபடக் கோடுகள்போல வளையம் வளையமாகத் தெரிகிறதா, அல்லது ஒன்றுவிட்டு ஒரு வரிசை குப்பையாக இருக்கிறதா? பிட் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. கேமரா 10 பிட் அனுப்ப, கார்டு 8 பிட்டாக வாசித்தால் இப்படி ஆகும்.

படம் ஒரு பக்கமாகச் சரிந்து சாய்கோடாக ஓடுகிறதா? படத்தை வாசிக்கும் மென்பொருளில் அகலம் தவறாக இருக்கிறது. ஒவ்வொரு வரியும் சில புள்ளி தள்ளித் தள்ளித் தொடங்குவதால் வரும் சாய்வு அது.

வண்ணக் கேமராவில் படம் சாம்பல் நிறமாக, மெல்லிய கொசுவலை போட்டதுபோல் தெரிகிறதா? புள்ளிகளை வண்ணமாக மாற்றும் வேலை நடக்கவில்லை. வண்ணம் வந்தும் சிவப்பு நீலமாகத் தெரிந்தால் வண்ண வரிசை மாறியிருக்கிறது.

நல்ல படத்தில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் மின்னி மின்னி மறைகின்றனவா? கம்பியைச் சந்தேகியுங்கள். தளர்ந்த திருகு, நீளமான கம்பி, மோட்டார் கம்பிக்குப் பக்கத்தில் ஓடும் கம்பி ஆகியவை வழக்கமான காரணங்கள்.

படமே வராமல் 'டைம் அவுட்' என்ற செய்தி மட்டும் வருகிறதா? கேமரா கட்டளைக்காகக் காத்திருக்கிறது. கட்டளை போய்ச் சேரவில்லை. ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

எழுதிவைத்தால் பிழைத்தோம்

இவ்வளவும் செய்து படம் அழகாக வந்ததும் எழுந்து போய்விடக்கூடாது. கார்டின் அமைப்பு கணினியில் ஒரு கோப்பாக இருக்கும். கேமராவின் அமைப்போ கேமராவுக்குள் இருக்கிறது. கேமராவிடம் "இதைச் சேமித்துக்கொள்" என்று தனியாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மின்சாரம் போனதும் எல்லாவற்றையும் மறந்து, பிறந்தநாள் நிலைக்குப் போய்விடும்.

நடுராத்திரி ஷிப்டில் ஒரு கேமரா கெட்டுப்போகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஸ்டோரிலிருந்து அதே மாதிரிப் புதுக் கேமரா எடுத்து மாட்டுகிறார்கள். படம் ஒழுங்காக வரவில்லை. "புதுக் கேமராவும் கெட்டது" என்று எல்லாரும் தீர்மானிக்கிறார்கள். உண்மையில் அந்தப் புதுக் கேமரா தொழிற்சாலை நிலையில் ஒரு டேப்பிலோ 10 பிட்டிலோ இருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அளவு, பிட், டேப், டிரிகர் வழி, திறந்திருக்கும் நேரம் என்று ஐந்து வரி எழுதியிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை ஓடும். எழுதியிராவிட்டால் விடியும்வரை லைன் நிற்கும். அல்லது அதைவிடக் கேடாக, மங்கலான படத்தோடு ஓடிக் கெட்ட சில்லை நல்லதென்று பெட்டியில் போட்டுவிடும். அந்தச் சில்லு எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? மருத்துவமனைக் கருவியிலும் இருக்கலாம், காரின் பிரேக்கிலும் இருக்கலாம்.

அந்த ஐந்து வரியை எழுதுகிறவர்தான் உண்மையான தொழில்நுட்பர். அதற்குப் பெரிய பட்டம் வேண்டியதில்லை; ஒழுங்கு வேண்டும்.

பிள்ளைகளுக்கு வழி

கேமரா லிங்க் ஒன்றோடு இந்தத் தொழில் நின்றுவிடவில்லை. 2006இல் வந்த 'கிக்-இ விஷன்' முறையில் சாதாரண இணையக் கம்பியே போதும். தனிக் கார்டு தேவையில்லை. 2011இல் வந்த 'கோஎக்ஸ்பிரஸ்' முறைக்குக் கார்டு வேண்டும். வேகமும் மிக அதிகம். ஆனால் எந்த முறை வந்தாலும் அளவு, பிட், டிரிகர், நேரம் என்ற பேச்சு மாறவில்லை. ஒன்றைப் பழகியவருக்கு மற்றது சுலபம்.

கேமராச் சோதனை இயந்திரங்களை வெளிநாட்டிலிருந்து வாங்குவதோடு நாம் நிற்கவில்லை. பினாங்கில் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட விட்ரோக்ஸ் போன்ற நிறுவனங்கள் இங்கேயே அவற்றைச் செய்கின்றன. செய்ய ஆள் வேண்டும், பூட்ட ஆள் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்களில் மின்னணுவியல், மெக்கட்ரானிக் போன்ற துறைகளைக் கேட்டு விசாரிக்கலாம். அங்கே பெறும் மலேசியத் திறன் சான்றிதழைத் தொழிற்சாலைகள் மதிக்கின்றன. பினாங்கிலும் பக்கத்து மாநிலங்களிலும் இருப்பவர்கள், 1989இல் தொடங்கப்பட்ட பினாங்குத் திறன் மேம்பாட்டு நிலையத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. "இது ஆம்பிளை வேலை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கால் வளைந்த சில்லை ஒரே பார்வையில் கண்டுபிடித்தவர்கள் உங்கள் தாய்மாரும் பெரியம்மாக்களும்தான். எது நல்லது, எது கெட்டது என்று அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் இன்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தக் கண் உங்களுக்கும் இருக்கிறது.

கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கும், மலைக்கவேண்டாம். இந்தக் கட்டுரையில் வந்த சொற்களைத் தனித்தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டால், கையேட்டின் முக்கியமான பக்கங்கள் புரியத் தொடங்கும். மற்றவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதில் வெட்கமில்லை; கேளாமல் மாட்டுவதில்தான் நட்டமிருக்கிறது.

அடுத்த இதழில் வேறொரு தொழிலோடு சந்திப்போம்.